வீணை மீட்டும் நகத்தை வீட்டிலேயே பேணுதல்

வீணை கற்பிக்கும் எனக்கு நகம் என்பது அழகுக்குரிய ஒன்றாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. அதை வாத்தியத்தின் ஓர் உறுப்பாகவே கருதி வந்திருக்கிறேன். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு தந்திகளையும் மீட்டும்போது தந்தியில் படுவது நகத்தின் நுனிதான். பக்கசாரணி எனப்படும் மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரலின் நகம் மேல்நோக்கி மீட்டுகிறது. இடக்கையிலோ நகம் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தியை மெட்டு எனப்படும் உலோகக் கட்டையின் மேல் அழுத்தி இழுக்கும்போது கமகம் என்னும் சுர அசைவு சுத்தமாக வராது. விரல் நுனியில் கம்பி வளையம் மாட்டி வாசிப்போரும் உண்டு, அதிலும் குறையொன்றுமில்லை. ஆயினும் நகத்தால் மீட்டும்போது எழும் நாதத்தின் மென்மை கம்பி வளையத்தில் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வட இலங்கைச் சங்கீத சபையின் செய்முறைப் பரீட்சை நெருங்கும் காலங்களில் "ரீச்சர், என்ன செய்தாலும் நகம் நிக்குதில்லை" என்ற முறைப்பாடு என் வகுப்பில் தவறாமல் எழும். மாணவிகள் தேசிக்காய் தேய்த்துப் பார்த்திருப்பார்கள், உள்ளி தேய்த்துப் பார்த்திருப்பார்கள், கல்சியம் குளிசையும் விழுங்கிப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு வகுப்பில் துண்டு துண்டாகச் சொல்லி வந்தவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். வீணையைத் தொடாதவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் காண்கின்ற, வெட்டுகின்ற, வர்ணம் பூசுகின்ற நகத்தகடு உயிரற்றது. கெரற்றின் என்னும் புரதம் நிறைந்த, இறந்து தட்டையாகிப்போன கலங்கள் அடுக்கடுக்காக ஒட்டி அமைந்த தகடு அது. உயிருள்ள பகுதி நகத்தின் அடியில், தோல்மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. அதையே நகவேர் என்கிறோம். பெருவிரலில் வெண்ணிறப் பிறையாகத் தெரிவது அந்த வேரின் முன்விளிம்பு. நகத்தின் தடிப்பும் வழவழப்பும் அங்கேயே தீர்மானமாகி விடுகின்றன. ஆகவே நுனியில் எதைப் பூசினாலும் நகம் வேகமாக வளரவோ தடிப்பாக முளைக்கவோ போவதில்லை. நம்மால் செய்யக்கூடியவை இரண்டே: வேருக்குத் தேவையான உணவை உடலுக்குக் கொடுப்பது ஒன்று, வளர்ந்து வெளியே வந்த தகட்டைச் சிதையாமல் காப்பது மற்றொன்று. பெரும்பாலானோரிடம் குறைபாடு இரண்டாவதில்தான் இருக்கிறது என்பதை என் மாணவிகளின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே அறிந்துகொண்டேன்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். ஆக, ஒரு நகம் வேரிலிருந்து நுனி வரை முழுமையாகப் புதிதாவதற்கு ஆறு மாதமளவில் ஆகும்; கால் பெருவிரல் நகத்துக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் வேண்டும். நடுவிரல் நகம் சற்று வேகமாகவும் பெருவிரல், சுண்டுவிரல் நகங்கள் சற்று மெதுவாகவும் வளர்கின்றன. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமது இடக்கைப் பெருவிரல் நகத்தின் அடியில் சிறு கீறலொன்றை அரத்தால் இட்டு, அது நுனியை அடைய எவ்வளவு காலமாகிறது என்பதை 35 ஆண்டுகளாகக் குறித்து வந்தார். 32ஆவது வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றராக இருந்த வளர்ச்சி, 67ஆவது வயதில் 0.095 மில்லிமீற்றராகக் குறைந்திருந்ததை 1980இல் அவர் வெளியிட்டார். ஒரு மனிதர் தம் ஒற்றை நகத்தை இத்தனை பொறுமையோடு கவனித்தது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. அம்மம்மாமாரின் நகம் ஏன் மெதுவாக வளர்கிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்லி விளக்குவேன்.

நம்மிடமும் இதற்கொரு எளிய அளவுகோல் உண்டு. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலும் மூதூரிலும் பெண்கள் மருதோண்டி இடுகிறார்கள். எங்கள் வீடுகளில் கலியாணங்களுக்கு இடுகிறோம். மருதோண்டியின் சாயம் கெரற்றினோடு பிணைந்துகொள்வதால் தோலில் சில நாட்களில் மறைந்தாலும் நகத்தில் மறையாது. நகம் வளர வளர அடியில் நிறமற்ற பகுதி தோன்றி, சிவந்த பகுதி நுனியை நோக்கி நகர்ந்து செல்லும். அடுத்த முறை இடும்போது அந்த இடைவெளியைக் கவனித்தால் உங்கள் நகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது தெரிந்துவிடும். பச்சை இலையை அரைத்து இடுவதையே இங்கு சொல்கிறேன். கடைகளில் கிடைக்கும் கரிய நிறக் கலவைகளில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய இரசாயனம் சேர்க்கப்பட்டிருப்பதுண்டு. அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையில் நான் எழுதுபவற்றுள் மிக முக்கியமானது இதுவே. நகம் பார்வைக்குக் கல்லைப் போலத் தோன்றினாலும், தோலைக் காட்டிலும் வேகமாக நீரை உள்வாங்கி வேகமாகவே வெளியேற்றும் இயல்புடையது. சாதாரண நிலையில் அதன் நிறையில் ஏறத்தாழ 18 சதவீதம் நீராகும். கை நீண்ட நேரம் நீரில் இருக்கும்போது தகடு ஊதி மென்மையாகிறது. துடைத்துக் காயும்போது சுருங்கி இறுகுகிறது. மாரியில் ஊதி அடைபடாமல் நின்று, கோடையில் சுருங்கி ஆடும் பழைய மரக்கதவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நாளில் இந்த ஊதலும் சுருங்கலும் பலமுறை நிகழும்போது அடுக்குகளைப் பிணைத்திருக்கும் ஒட்டு தளர்ந்து, நகத்தின் நுனி தாள் தாளாகப் பிரியத் தொடங்குகிறது. சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத் தூளும் நகத்தில் இயல்பாக இருக்கும் சிறிதளவு கொழுப்பையும் கரைத்துவிடுவதால் உலர்தல் இன்னும் விரைவாகிறது.

திருகோணமலையில் வாழ்பவர்களுக்கு இதன் தாக்கம் சற்று அதிகம் என்றே சொல்வேன். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில், நனைத்துப் போட்ட துணி கண்முன்னே காய்ந்துவிடும். நனைந்த நகமும் அப்படியே காய்கிறது. என் மாணவிகளின் நகங்கள் பெரும்பாலும் பிளப்பது அந்த மாதங்களில்தான். வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் நகம் வளையும், கிழியும். ஆனால் அத்தனை எளிதாகப் பிளப்பதில்லை. இதனுடன் நம் வீட்டு வேலையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. திருக்கடலூரில் இருந்து வரும் கீரி மீனைச் செதில் களைந்து வெட்டிக் கழுவுவது, இறால் உரிப்பது, அரிசி களைவது, தேங்காய்ப்பூவைப் பிழிந்து பாலெடுப்பது, பாத்திரம் துலக்குவது, உடுப்புத் தோய்ப்பது என்று காலை முதல் மாலை வரை கை நனைந்து காய்ந்தபடியே இருக்கிறது. வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் வீட்டு வேலையைப் பொறுப்பாகச் செய்பவர்களின் நகமே முதலில் பிளக்கிறது என்பதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் வேலையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளும் அந்த வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்று தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

வேலையைத் தவிர்க்க முடியாதபோது நனைதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒவ்வொரு கோப்பையாக அவ்வப்போது கழுவாமல் சேர்த்து வைத்து ஒரே தடவையில் கழுவுவது நகத்துக்கு நல்லது. பாத்திரம் கழுவும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் இறப்பர் கையுறை அணிய வேண்டும். கையுறைக்குள் வியர்வை சேர்ந்தாலும் நகம் ஊறும். ஆகவே உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றையும் அணிவது சிறந்தது. கையுறை நம் வீடுகளில் ஆடம்பரமாகப் பார்க்கப்படுகிறது. அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நகத்துக்கென்று விற்கப்படும் எந்தப் பூச்சையும் விட அது பயனுள்ளது, விலையும் குறைவு. உப்புவெளியிலோ டச்சுக் குடாவிலோ கடலில் குளித்தால், வீடு திரும்பும் வரை உப்போடு இருக்க விடாமல் நல்ல நீரில் கையைக் கழுவி எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும்.

எண்ணெயைப் பற்றி மிகையான நம்பிக்கைகள் பல உலவுகின்றன. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ நகத்தை வளர்ப்பதில்லை. நகத்தகட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோலிலும் மெல்லிய படலமாக நின்று உள்ளிருக்கும் ஈரம் விரைந்து வெளியேறாமல் தடுப்பதே அது செய்யும் வேலை. அந்த வேலைக்குக் காலம் முக்கியம்: நன்றாகக் காய்ந்து இறுகிய நகத்தில் தடவுவதை விட, கை கழுவித் துடைத்த உடனே, ஈரம் சற்று எஞ்சியிருக்கும்போது தடவினால்தான் அந்த ஈரம் உள்ளே நிலைக்கும். இரவில் படுக்கைக்குப் போகுமுன் ஒவ்வொரு நகத்தின் அடியிலும் ஒரு துளி விட்டு, நகத்தின் கீழ்ப்புறம் உட்பட நன்றாகத் தேய்த்துவிடுவது என் வழக்கம். வசிலினும் இதே பயனைத் தரும்; கச்சான் காலத்தில் அது இன்னும் நெடுநேரம் நிற்கிறது. வாசிப்பதற்கு முன் மட்டும் எண்ணெய் தடவ வேண்டாம். தந்தியில் விரல் வழுக்கும், மெட்டு பதிந்திருக்கும் மெழுகிலும் எண்ணெய் படியும்.

வெட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். குளித்தபின் நகம் மென்மையாக இருக்கும்போது வெட்டினால் சிதறாமல் வெட்டுப்படும். ஆனால் அரத்தால் தேய்ப்பதை நகம் முழுமையாகக் காய்ந்த பின்னரே செய்ய வேண்டும், ஈர நகத்தில் அரம் அடுக்குகளைக் கிளப்பிவிடும். முன்னும் பின்னுமாக அறுப்பதுபோலத் தேய்க்காமல், ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கரடுமுரடான உலோக அரத்தை விடக் கண்ணாடி அரம் விளிம்பை வழவழப்பாக விடுகிறது. பக்கங்களைக் குடைந்து கூராக்குவது பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் நகத்தின் தாங்குவலு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. வீணை மீட்டும் விரல்களில், விரல் நுனியின் வளைவையே பின்பற்றி, சதைக்கு வெளியே ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் மட்டும் நிற்குமாறு விட்டால் போதும். அதற்கு மேல் நீண்ட நகம் தந்தியில் சிக்கும், நாதமும் சன்னமாகிவிடும். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிசிர் இருந்தாலும் தந்தியில் அது கரகரப்பாக ஒலிக்கும். ஒரு பட்டுத்துணியில் நகத்தை இழுத்துப் பார்த்து, நூல் மாட்டுகிறதா என்று சோதிப்பது நல்ல பழக்கம்.

நகத்தின் அடியில் தகட்டோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டுவதும் கிளப்புவதும் கூடாது. நீரும் கிருமியும் வேருக்குள் புகாமல் அடைத்து நிற்பது அந்தத் தோல்தான். அதை நீக்கிவிட்டு நாள் முழுவதும் ஈரத்தில் வேலை செய்தால் நகக்கண் வீங்கிச் சிவந்து நோகும். நாட்பட்டால் நகமே வரிவரியாக மேடுபள்ளத்தோடு வளரத் தொடங்கும்.

கியூட்டெக்ஸ் பூசலாமா என்று கேட்பவர்களிடம், பூசுவதை விட அகற்றுவதே அதிக தீங்கு செய்கிறது என்று சொல்வேன். அகற்றும் திரவத்தில் இருக்கும் அசற்றோன் நகத்தைக் கடுமையாக உலர்த்துகிறது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அதைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. நகத்தை இறுக்கும் பூச்சு என்று விற்கப்படுபவற்றில் போமல்டிகைட்டு கலந்தவை தொடக்கத்தில் நகத்தைக் கடினமாக்கி, தொடர்ந்து பூசினால் நொறுங்கும் தன்மையைக் கொடுத்துவிடும். நகத்துக்குக் கடினம் மட்டும் போதாது. சற்று வளைந்து கொடுக்கும் தன்மையும் இருந்தால்தான் அது தந்தியைத் தாங்கும்.

உணவைப் பற்றி எழுதும்போது முதலில் கல்சியத்தை ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது. நகத்தில் கல்சியம் மிகச் சிறிய அளவிலேயே இருக்கிறது. கெரற்றின் இழைகளுக்கு இடையே கந்தகம் அமைக்கும் பிணைப்புகளே நகத்துக்கு வலிமையைத் தருகின்றன. நகத்தில் தோன்றும் வெண்புள்ளிகளும் கல்சியக் குறைவின் அடையாளம் அல்ல. சிறு வயதில் பறக்கும் கொக்குகளை நோக்கி நகங்களைக் காட்டிப் பூக் கேட்போமே, அந்தப் பூக்கள் பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன் நகவேரில் பட்ட சிறு அடியின் தடங்களே. நகத்தோடு வளர்ந்து வந்து வெட்டுப்பட்டுப் போகும்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை புரதமும் இரும்புச்சத்தும். கெரற்றின் ஒரு புரதம் என்பதால், காலையில் பாணும் தேநீரும், மதியம் சோறும் சொதியும் என்று புரதம் குறைந்த உணவோடு நாளைக் கழிக்கும் பிள்ளைகளின் நகம் மெலிந்து போவதில் வியப்பில்லை. மீனுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சூரையும் கீரியும் நெத்தலியும் உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தாராளமாகத் தரும். மச்சம் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு, பயறு, கடலை, உளுந்து, கச்சான் எனப்படும் நிலக்கடலை, எள்ளு, எருமைத் தயிர் ஆகியன இருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகை ஏற்படும்போது நகம் மெலிந்து, முற்றிய நிலையில் கரண்டியைப் போலக் குழிந்துவிடுகிறது. மாதவிடாயில் அதிக குருதியை இழக்கும் வளரிளம் பெண்களை இது எளிதில் பற்றும். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும். முருங்கை இலையிலும் பயறுவகைகளிலும் உள்ள இரும்பு அத்தனை எளிதில் சேர்வதில்லை. ஆகவே முருங்கை இலைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விட்டு உண்ண வேண்டும், உணவோடும் உணவு முடிந்த கையோடும் தேநீர் குடிப்பதை நிறுத்த வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன என்பதால், கர்ப்பிணிகள் இரும்புக் குளிசையைத் தேநீரோடு எடுக்கக் கூடாது என்று மருத்துவமாதுக்கள் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அதே அறிவுரை நகத்துக்கும் உரியது.

பயோட்டின் குளிசைகளை இப்போது பலர் வாங்குகிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். அவித்த முட்டை, மீன், கச்சான் ஆகியவற்றை உண்பவருக்கு அது உணவிலேயே கிடைத்துவிடும். கடையில் விற்கும் குளிசையிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. நொறுங்கும் நகமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்துச் செய்த சிறிய ஆய்வுகள் சில பயன் கண்டதாகக் கூறினாலும், அவற்றில் குளிசை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு சரிவர இருக்கவில்லை. இதை விடக் கவலைக்குரியது வேறொன்று: அதிக அளவு பயோட்டின் சில குருதிப் பரிசோதனைகளின் முடிவைப் பிழையாகக் காட்டிவிடும். மாரடைப்பை அறியச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனை அவற்றுள் ஒன்று. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. தைரொயிட் பரிசோதனையும் இதனால் பாதிக்கப்படும். ஆகவே பயோட்டின் எடுப்பவர்கள் எந்தக் குருதிப் பரிசோதனைக்கு முன்பும் அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

தேசிக்காய்ச் சாறு நகத்தின் மஞ்சள் கறையைக் குறைக்கலாம். ஆனால் அமிலம் நகத்தை உலர்த்தும், சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துவிடும். பச்சை உள்ளியை அரைத்துக் கட்டி வைப்பது தோலைப் புண்ணாக்கும். சூடான உப்பு நீரில் கையை ஊறவைப்பதும் மேலே சொன்ன ஊதலையும் சுருங்கலையும் நாமே வலிந்து உண்டாக்குவதாகும். இம்மூன்றையும் என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை.

வீட்டுப் பராமரிப்பில் தீராதவையும் உண்டு. நகம் சதையை விட்டுக் கிளம்புவது, மஞ்சளாகித் தடித்து நொறுங்குவது, ஊசியால் குத்தியதுபோல் குழிகள் விழுவது, விரல் நுனி முழுவதுமே பருத்து நகம் கவிழ்ந்து வளைவது ஆகியவற்றுக்கு எண்ணெய் தடவிக் காலத்தைக் கடத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற கருநிறத்தவரின் பல நகங்களில் மெல்லிய கபில நிறக் கோடுகள் காணப்படுவது சாதாரணமே. ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றிய கரிய கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்தக் கருமை நகத்தின் அடித்தோலுக்கும் பரவினாலோ உடனே காட்ட வேண்டும். அரிதாக அது புற்றுநோயாக இருக்கலாம். எல்லா நகங்களிலும் ஒரே இடத்தில் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தால், ஓரிரு மாதங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சலின் தடமாக அது இருக்கக்கூடும். டெங்கு வந்து தேறிய பிள்ளைகளின் தாய்மார் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. பரீட்சைத் திகதி தெரிந்த பின் நகத்தைக் கவனிக்கத் தொடங்குவது காலம் கடந்த வேலை. மீட்டும் விரல்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கையுறையும் எண்ணெயும் வேண்டும். இடையில் நகம் கிழிந்துவிட்டால் பசை போட்டு ஒட்டி வாசிக்க முயல வேண்டாம். நகப்பசை தோலை எரிக்கும், ஒட்டிய இடம் தந்தியில் மீண்டும் பிரியும்போது முன்னிலும் ஆழமாகக் கிழியும். கிழிசல் சதைக்கு வெளியே நின்றால் அதுவரை வெட்டி விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். சதைக்குள் இறங்கியிருந்தால் சுத்தமாகக் கழுவி, ஒட்டுப்பட்டி சுற்றி, அந்தப் பகுதி வளர்ந்து வெளியே வரும் வரை அந்த விரலுக்குக் கம்பி வளையம் மாட்டிக்கொண்டு வாசியுங்கள். வளையத்தின் எடைக்கு விரல் பழக ஒரு வாரமாவது ஆகும் என்பதால், அதை ஒன்று வாங்கி வீணைப் பெட்டியில் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.